மார்கழியில் பழகும் மட்டக்குதிரை

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கொடி ஏறிவிட்டால் ஊருக்குள் இரண்டு வகைக் கூட்டம் வந்து சேரும். ஒன்று அண்ணாமலையாரைப் பார்க்க வருவது. மற்றது மாடு பிடிக்க வருவது. தீபத்தை ஒட்டிக் கூடும் சந்தையில் காளைகளுக்கும் கறவைகளுக்கும் நடுவே குதிரைகளும் கட்டிக் கிடக்கும். காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, அதன் சொந்தக்கார இனமான கத்தியவாரி, இரண்டின் கலப்புகள், இவற்றோடு இன்ன இனம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத மட்டக்குதிரைகள். தமிழ்நாட்டுக்கென்று பதிவான குதிரை இனம் ஒன்றுகூட இல்லை என்பதால், இங்கே கைமாறும் மட்டக்குதிரைக்குப் பெரும்பாலும் வம்சச் சீட்டு கிடையாது. தோள் உயரம் ஏறத்தாழ 148 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டம். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

வாங்குகிறவர் சும்மா வாங்குவதில்லை. முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் இணை இணையாக விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறையும். பத்து வயதுவாக்கில் மேல்தாடையின் ஓரப் பல்லில் ஒரு கோடு இறங்கத் தொடங்கி, பதினைந்தில் பாதிப் பல்லுக்கும் இருபதில் முழுப் பல்லுக்கும் வரும். பிறகு குளம்பு, முழங்கால், நடை. அதன்பின் சுழி. எல்லாம் முடிந்தால் தரகர் துண்டைப் போர்த்தி விரல் பிடித்து விலை பேசுவார். இத்தனை சோதனையிலும் அகப்படாத ஒன்று உண்டு: நேற்றுவரை இந்தக் குதிரையை யார், என்ன வேலைக்கு, எப்படி வைத்திருந்தார்கள் என்பது. விற்பவர் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம், ஏனென்றால் அவரும் போன சந்தையில் வாங்கியவர்தான். முதல் நாள் நெடுந்தூரம் நடத்திக் களைக்க வைத்தால் எப்பேர்ப்பட்ட முரடும் சந்தையில் சாதுவாகத்தான் நிற்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள்தான் அதன் குணம் தெரியும். சேணத்தைக் கண்டாலே பின்வாங்கும். இடப்பக்கம் ஏற விடும், வலப்பக்கம் கை வைத்தால் உதைக்கும். மேளச் சத்தம் கேட்டால் கயிற்றை அறுக்கும். அல்லது நட்டு வைத்ததுபோல் நின்றுவிடும், அடித்தாலும் நகராது. சண்டி என்று பெயர் விழும். பெயர் விழுந்த குதிரை அடுத்த சந்தைக்குப் போகும்.

இந்த விலங்குகளின் வேலையைப் பார்த்தால் சண்டித்தனம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது. ஜட்கா வண்டிகள் தெருவை விட்டுப் போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் குதிரையும் மட்டமும் சேர்ந்து 3.4 லட்சம்தான், 2012 கணக்கைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவு. தமிழ்நாட்டில் மிச்சம் இருக்கும் மட்டக்குதிரைக்குப் பிழைப்பு மாப்பிள்ளை அழைப்பு, சாரட் வண்டி, கோயில் ஊர்வலம், கடற்கரையிலும் மலைவாசத்தலங்களிலும் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவது, ரேக்ளா ஓட்டம். மாப்பிள்ளை அழைப்பை எடுத்துக்கொள்ளலாம். பாண்டு வாத்தியம், ஜெனரேட்டர், கண்ணைக் கூசும் சீரியல் விளக்கு, காலடியில் சரவெடி, அதற்கு நடுவில் வாழ்க்கையில் முதல் முறையாகக் குதிரை ஏறும் ஒரு மனிதர் பயத்தில் லகானை இறுக்கிப் பிடித்திருப்பார். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை சுற்றளவு அதற்குத் தெரியும். தெரியாத இடம் நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும்தான். ஊர்வலத்தில் கூட்டம் நெருக்குவது அந்த இரண்டு இடங்களிலும். ஓடித் தப்பிப்பதற்கென்றே உருவான உடம்பு அது. அதை ஓட விடாமல் பிடித்துக்கொண்டு காதருகே வெடி வைத்தால், அது கற்றுக்கொள்ளும் பாடம் என்னவாக இருக்கும்?

சுழி விஷயத்துக்கு வருவோம். குதிரையின் நெற்றி, கழுத்து, மார்பு ஆகிய இடங்களில் முடி சுழன்று விழும் புள்ளிகளை வைத்து விலையை ஏற்றுவதும் இறக்குவதும் நம் சந்தைகளின் பழைய வழக்கம். நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரச் சுவடியைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது. குதிரை இலக்கணத்தில் சுழிகளுக்கு அங்கே தனி இடம் உண்டு. மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் 1995இல் அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டினும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே அமைந்த மாடுகள் கட்டுக்குள் நிறுத்தப்படும்போது கூடுதலாகத் துள்ளின. போலந்தின் கோனிக் என்ற சிறு குதிரை இனத்தை வைத்து 2007இல் வெளியான ஆய்விலும் மேலே அமைந்த சுழி உள்ளவை கையாளக் கொஞ்சம் கடினமாக இருந்தன. கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே திசுப் படலத்திலிருந்து உருவாகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இதைக் கேட்டுச் சந்தைக்காரர்கள் மார்தட்ட வேண்டியதில்லை. அந்த ஆய்வுகள் பேசுவது கூச்சத்தின் அளவைப் பற்றி. எசமானுக்கு வரும் கேட்டைப் பற்றி அல்ல. சந்தையில் நடப்பது வேறு. சுழி சரியில்லை என்று மலிவாகப் போகும் குட்டி, நல்ல தீனியும் பொறுமையும் செலவழிக்க வசதியில்லாத கைக்குத்தான் போகும். அங்கே கெடும். கெட்டதும், பார்த்தீர்களா சுழி பொய் சொல்லவில்லை என்பார்கள்.

திருவண்ணாமலைப் பக்கத்தில் அடங்காக் குதிரை என்றதும் யாருக்கும் நினைவுக்கு வருவது செஞ்சிதான். கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தேசிங்குராஜன் கதைப்பாடலின்படி, டில்லியில் எவராலும் ஏற முடியாத ஒரு குதிரை இருந்தது. அதை அடக்க முடியாமல் தந்தை சிறையில் கிடந்தார். பிள்ளை போய் ஏறி அடக்கினான். பாராசாரி என்ற அந்தக் குதிரையோடு செஞ்சிக்கு வந்தான். வரலாற்றில் அவன் பெயர் தேஜ் சிங். செஞ்சிக் கோட்டையின் அதிகாரியாக இருந்த புந்தேலா ராசபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். தந்தை இறந்ததும் கோட்டையைத் தன் உரிமையாக எடுத்துக்கொண்டான். நிலுவைப் பணத்தைக் கேட்டுப் படையெடுத்து வந்த ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபர் 3 அன்று போரில் விழுந்தான். குதிரைக்கும் நண்பன் மகமத்கானுக்கும் சமாதி என்று நீலாம்பூண்டியில் ஊரார் இடம் காட்டுகிறார்கள். கோட்டையில் குதிரை லாயம் இன்னும் நிற்கிறது. 2025 சூலையில் யுனெஸ்கோ மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி.

கூத்தாகவும் பாட்டாகவும் 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் இந்தக் கதை ஊறிப்போனதால், குதிரையைப் பழக்குவது என்றால் ஏறி அடக்குவது என்ற படிமம் நம் மனதில் ஆழமாகக் கிடக்கிறது. ஒரு வீரன், ஒரு முரட்டு மிருகம், ஒரே சவாரி, முடிந்தது கதை. பாராசாரியை டில்லியில் அதற்கு முன்னால் எத்தனை பேர் எப்படிக் கட்டினார்கள், எதனால் அடித்தார்கள் என்பது பாட்டுக்குத் தேவையில்லாத செய்தி. சந்தையிலும் அதே மௌனம்தான்.

இந்த மயக்கம் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1858இல் ஜான் ரேரி என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் இருந்தார். குரூசர் என்ற பந்தயப் பொலிகுதிரை அப்போது ஆட்களைக் கடித்துக் குதறும் நிலையில், இரும்பு முகக்கவசம் மாட்டி அடைக்கப்பட்டிருந்தது. ரேரி அதன் கொட்டடிக்குள் போய் மூன்று மணி நேரத்தில் ஏறி வெளியே வந்தார். விக்டோரியா அரசி முன்பும் வித்தை காட்டினார். முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டி, குதிரை களைத்துச் சாயும்வரை விட்டு, சாய்ந்த உடம்பைத் தடவிக் கொடுப்பது அவர் முறை. சாட்டையால் வெளுப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் அது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளுக்குப் பிறகு, தப்ப வழியில்லாத விலங்கு அடங்குவதையும் அது அமைதி அடைவதையும் ஒன்றாகப் பார்க்க முடியாமல் போய்விட்டது. எது செய்தாலும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட உயிரும் அசையாமல் நிற்கும். சந்தையில் சாது என்று பெயர் எடுக்கும் சில மட்டக்குதிரைகளின் கண்ணில் தெரிவது இதுதானோ என்று ஐயப்பட இடம் இருக்கிறது.

குதிரையைப் பராமரிக்கத் தெரியாத நாடு என்ற பழிச்சொல் நமக்குப் புதிதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் வழியே வாங்கிக் குவிப்பதையும், பேணுவதற்குத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் செத்துவிடுவதையும் எழுதிவைத்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாபும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை என்ற கணக்கில் அந்த வாணிகத்தைப் பற்றிச் சொல்கிறார். மாணிக்கவாசகர் அரசன் கொடுத்த குதிரைப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்து, நரிகள் பரிகளாக வந்து, இரவில் மறுபடி நரிகளாகி லாயத்தையே கலைத்த புராணமும் குதிரை வாணிகத்தையே பின்னணியாகக் கொண்டது. பகலில் சாது, கட்டிய இரவே வேறு மிருகம் என்ற அனுபவம் இல்லாத ஊரில் இப்படி ஒரு கதை எழுமா?

முரட்டு மட்டக்குதிரையைத் திரும்பப் பழக்குகிறவர் முதலில் தொட வேண்டியது லகானை அல்ல, கால்நடை மருத்துவரின் தொலைபேசியை. வலி முதலில், குணம் பிறகு. கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தை அறுக்கலாம். கடிவாளம் படும் இடத்தில் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு பல் ஒவ்வொரு இழுப்பிலும் குத்தலாம். முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசலாம். பொருந்தாத சேணம் தோளை அழுத்தலாம், நாள் கடந்த லாடம் குளம்பை இறுக்கலாம். பிரிட்டனின் குதிரை மருத்துவர் சூ டைசனும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட பட்டியலில், சவாரியின்போது குதிரை காட்டும் 24 செய்கைகள் உள்ளன: காதைப் பின்னால் மடிப்பது, வாயைத் திறப்பது, வாலைச் சுழற்றுவது, தலையை உதறுவது இப்படி. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். சண்டித்தனம் என்று நாம் எண்ணிவைத்திருக்கும் பலவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

நம் ஊரில் வலிக்கு இன்னொரு காரணம் முள் வைத்த கடிவாளம். நாக்கிலும் கடைவாயிலும் முள் பாயும்படி செய்த அந்த இரும்பை, 1965ஆம் ஆண்டின் இழுவை மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. அதே விதிகளில்தான் மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக் கூடாது என்றும், நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலையே வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. திருவண்ணாமலையின் சித்திரை வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைசி விதி யாரை நினைத்து எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அறுபது ஆண்டுகள் ஆகியும் முள் கடிவாளம் குதிரைகளின் வாயைவிட்டு முற்றிலும் போகவில்லை. காரணமும் எளியது: அடங்காத குதிரையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகிறவருக்கு அது உடனடியாக வேலை செய்கிறது. அதனாலேயே அந்தக் குதிரை நாளுக்கு நாள் மோசமாகிறது என்பது அடுத்த உரிமையாளரின் கவலை.

வலி தீர்ந்த பிறகும் பயம் போகாது. அது தனியாகக் கற்றது, தனியாகத்தான் கழற்ற வேண்டும்.

இதில் விஞ்ஞானம் சொல்வது மிகவும் சலிப்பூட்டும் விஷயம். டென்மார்க்கில் யானே வின்தர் கிறிஸ்டென்சனும் மற்றவர்களும் 27 இளம் ஆண் குதிரைகளை மூன்று குழுவாகப் பிரித்து, அசையும் நைலான் பை ஒன்றுக்குப் பயப்படாமல் இருக்கப் பழக்கினார்கள். முடிவு 2006இல் வெளியானது. ஒரு குழு முழு அதிர்ச்சியையும் ஒரேயடியாகச் சந்தித்துப் பழக வேண்டும். இன்னொரு குழுவுக்குப் பையோடு தீனியும் கிடைக்கும். மூன்றாவது குழுவுக்குப் பை முதலில் அசையாமல் காட்டப்பட்டது, பிறகு கொஞ்சம் அசைந்தது, குதிரை மிரளாமல் நின்ற பிறகே அடுத்த படி. குறைவாக மிரண்டதும், ஒன்று விடாமல் எல்லாக் குதிரைகளும் தேறியதும் மூன்றாவது குழுவில்தான். மற்ற இரண்டிலும் தேறாதவை இருந்தன. படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் மிரட்சி எழாத அளவில். வீரத்துக்கு இதில் இடமே இல்லை. டீ ஆறுவதற்குக் காத்திருக்கிறவரின் பொறுமை போதும்.

அப்புறம், நேரம். குதிரையைப் பழக்குவதில் பெரும்பகுதி அழுத்தம் கொடுத்து விடுவிப்பது. கயிற்றை லேசாக இழுக்க வேண்டும். அது ஓர் அடி முன்வைத்த அந்தக் கணமே தளர்த்த வேண்டும். இரண்டு நொடி தாமதித்துத் தளர்த்தினால் அது வேறெதையோ கற்றுக்கொள்ளும். மட்டக்குதிரை பின்னங்காலில் எழுந்து நின்றதும் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிடுகிறவர், எழுந்து நின்றால் விடுதலை என்று அதற்கு அருமையாகப் பாடம் எடுக்கிறார். கெட்ட குதிரை எனப்படுவதில் பாதி, இப்படிச் சரியான நேரத்தில் தவறான பாடம் கிடைத்த நல்ல மாணவன். மனித உடம்பின் சிறு அசைவைக்கூட அது எவ்வளவு நுட்பமாகப் படிக்கும் என்பது 1907இலேயே தெரிந்துபோனது. பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று புகழ்பெற்ற ஹான்ஸ், விடை வரும்போது கேள்வி கேட்டவரின் தலை தன்னை அறியாமல் மில்லிமீட்டர் அளவுக்கு அசைவதைப் பார்த்துத்தான் குளம்பு தட்டுவதை நிறுத்தியது. அதை நிரூபித்தவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட். மிரண்ட மட்டத்தின் பக்கத்தில் பயத்தை மறைத்துக்கொண்டு நிற்பவர் எதையும் மறைக்கவில்லை என்று பொருள்.

கோபத்தையும் அது பதிந்துவைத்துக்கொள்ளும். பிரிட்டன் ஆய்வாளர் லியான் புரூப்ஸும் குழுவும் 2018இல் வெளியிட்ட சோதனையில், குதிரைகளுக்கு ஒருவரின் சினந்த முகத்தையோ சிரித்த முகத்தையோ புகைப்படத்தில் மட்டும் காட்டினார்கள். சில மணி நேரம் கழித்து அதே ஆள், எந்தப் படம் காட்டப்பட்டது என்று தெரியாமலே, எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தோடு வந்து நின்றார். சினந்த படத்தைப் பார்த்திருந்த குதிரைகள், ஆபத்தைக் கவனிக்கும்போது செய்வதுபோல் இடக்கண்ணால் அவரைக் கூடுதலாகப் பார்த்தன. நல்ல நினைவும் அதேபோல் தங்கும்: பிரான்சில் கரோல் சாங்கேயின் குழு தீனி கொடுத்துப் பழக்கிய இளம் குதிரைகள், எட்டு மாதம் கழித்தும் கற்றதை மறக்காமல், முன்பின் தெரியாத ஆட்களையும் நட்போடு அணுகின. ஆண்டு 2010. கைவிடப்பட்டு மீட்கப்பட்ட மட்டக்குதிரைகளை வைத்தே பிரிட்டனில் இன்ஸ், மக்பிரைட் இருவரும் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நடத்திச் செல்வது, தேய்த்துவிட நிற்பது, வண்டியில் ஏறுவது போன்றவற்றை ஒரு குழு அழுத்தி விடுவிக்கும் முறையிலும், மற்றொரு குழு தீனிப் பரிசு முறையிலும் கற்றது. பரிசு பெற்றவை கூடுதல் ஆர்வத்தோடு தாமாக முயன்று பார்த்தன. அடிபட்ட விலங்கு தானாக எதையாவது முயன்று பார்ப்பது சாதாரண மாற்றம் அல்ல.

விலங்குகள் மேல் பாசம் இல்லாத ஊர் இல்லை திருவண்ணாமலை. ரமணாசிரமத்தில் 1948இல் இறந்த பசு லட்சுமிக்குச் சமாதி உண்டு. பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும். தெருநாய்களுக்கு மருத்துவம் பார்க்கும் காப்பகமும் ஊரில் நடக்கிறது. ஆனால் மிரண்ட மட்டக்குதிரையிடம் பாசம் மட்டும் கொண்டு போகிறவர், ஒரு வாரத்தில் கடி வாங்குவார். கையில் வெல்லம் வைத்துக்கொண்டு கொஞ்சினால் அது கையைத் துழாவக் கற்கும், பிறகு துழாவல் கடியாகும். பரிசு என்பது செய்த காரியத்துக்கு, அந்தக் கணத்தில், கொஞ்சமாக. கொள்ளு நான்கு போதும்.

இனி நாள்காட்டி. தீபம் முடிந்து சில வாரங்களுக்குள் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் கல்யாணம் இல்லை. தை பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். ஆகவே திருவண்ணாமலைச் சந்தையில் மட்டக்குதிரை வாங்கியவருக்கு, ஊர் வழக்கமே ஏறத்தாழ முப்பது நாள் விடுப்பைக் கொடுத்திருக்கிறது. சாரட் வைத்திருக்கும் பலரும் அதை வருமானம் இல்லாத மாதம் என்று திட்டித் தீர்க்கிறார்கள். பழக்குவதற்கு ஆண்டிலேயே இதைவிட நல்ல காலம் இல்லை. வெயில் தாழ்ந்திருக்கும், புல் கிடைக்கும், அவசரம் இருக்காது.

முதல் பத்து நாளில் முதுகில் ஒன்றும் ஏறக் கூடாது. பல், குளம்பு, முதுகு பார்த்தாக வேண்டும். தழும்புகள் எங்கே இருக்கின்றன என்று தடவிப் பார்த்தாலே பாதிக் கதை தெரியும். வாரின் தழும்பு மார்பில் இருந்தால் வண்டி இழுத்தது. கடைவாய் கிழிந்து ஆறியிருந்தால் முள் கடிவாளம் கண்டது. தனியாகக் கட்டாமல் இன்னொரு குதிரையோ, கிடைக்காவிட்டால் ஒரு ஆடோ மாடோ பார்வையில் இருக்க வேண்டும், ஏனென்றால் கூட்டமாக வாழும் விலங்குக்குத் தனிமையே ஒரு மிரட்டல். அடுத்த பத்து நாளில் கயிற்றில் நடப்பது, நிற்பது, பின்வாங்குவது, நான்கு காலையும் தூக்கக் கொடுப்பது. வலப்பக்கமும் இடப்பக்கமும் தனித்தனியாக, ஏனென்றால் ஒரு பக்கம் பழகியது மறுபக்கம் பழகியதாகக் கணக்கில்லை.

சத்தத்துக்கு மார்கழியே ஏற்பாடு செய்து கொடுக்கிறது. விடியலில் கோயில் ஒலிபெருக்கிகள் திருவெம்பாவை பாடத் தொடங்கும். மாணிக்கவாசகர் அதை அருளியது திருவண்ணாமலையில் என்பது மரபு. ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலிருந்து காது நிமிரும், ஆனால் கால் பதறாத தூரத்தில் மட்டத்தை நிறுத்திக் கொள்ளு போட வேண்டும். நாலைந்து நாளில் அது தீனியிலிருந்து தலை தூக்காவிட்டால் இருபது அடி முன்னால். தூக்கினால் நாற்பது அடி பின்னால், வெட்கப்படாமல். பாண்டு வாத்தியத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து குறைந்த ஒலியில் கேட்க விடலாம். வெடிக்கு இது போதாது: வெடியில் புகையும் ஒளியும் நிலம் அதிர்வதும் சேர்ந்திருக்கின்றன. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் சாதாரண நாளின் காலையில் ஆட்கள் தொடர்ச்சியாக, அவசரம் இல்லாமல் ஒரே திசையில் நடக்கிறார்கள். ஓரமாக நின்று பார்க்கப் பழகுவதற்கு அதைவிடத் தோதான கூட்டம் கிடைக்காது. பௌர்ணமி இரவில் அங்கே கொண்டுபோவது அறிவீனம்.

இருபத்தைந்தாம் நாளில் திடீரென்று பழைய குணம் முழுசாகத் திரும்பும். உதைக்கும், எழும், நின்றுவிடும். பல மட்டக்குதிரைகளின் வாழ்க்கை கெடுவது இந்த இடத்தில்தான். இதுவரை பலித்த தப்பிக்கும் வழி இப்போது பலிக்காதபோது, விலங்கு அதைக் கைவிடுவதற்கு முன் பலமடங்கு உரக்கச் செய்து பார்க்கும், மனிதர்களும் அப்படித்தான். அதை அடங்காமை என்று எண்ணிச் சாட்டையை எடுத்தால் முதல் நாளுக்குத் திரும்ப வேண்டியதுதான். முந்தின படிக்கு இறங்கி, அது செய்ய முடிந்த ஒன்றைச் செய்யவைத்து, அன்றைக்கு அதோடு அவிழ்த்துவிட வேண்டும். கோபத்தோடு குதிரையைத் தொடாதே என்று கிரேக்கத்து செனபோன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியது நீதிபோதனை அல்ல, வேலைக் குறிப்பு.

எல்லா மட்டமும் தேறும் என்று சொல்வதற்கில்லை. முதுகெலும்பு கெட்டதைக் குணம் மாற்றித் திருத்த முடியாது. சில, வண்டிக்குத் தேறும், சரவெடிக்குத் தேறாது. சில, தெரிந்த ஒருவர் தலைப்பக்கம் நின்றால் மட்டும் நடக்கும். ஊட்டியில் இப்படித் தேறாதவற்றையும் வயதானவற்றையும் தெருவில் அவிழ்த்துவிட்டு, அவை குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்று வண்டியில் அடிபட்டுக் கிடப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். மசினகுடி அருகே மாவனல்லாவில் இப்படி வருபவற்றை வைத்துப் பராமரிக்கும் பண்ணை ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் குதிரைக்கென்று அப்படி ஒன்று தேவைப்படும் அளவுக்கு எண்ணிக்கை இருக்கிறதா என்பதைக் கால்நடைத் துறைதான் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். பந்தயக் குதிரைக்கு உடம்பில் மின்னணுச் சில்லும் புனேயில் வம்சப் பதிவேடும் இருக்கின்றன. பிறந்த நாள் முதல் யாரிடம் இருந்தது என்று பார்த்துவிடலாம். சந்தை மட்டத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கூட இல்லை. எந்த ஊரில் என்ன வேலை செய்தது, எதற்கு மிரளும், எந்தப் பக்கம் கூச்சம், கடைசியாக லாடம் எப்போது என்று விற்பவர் எழுதிக் கொடுத்தால் விலை கொஞ்சம் குறையும். அதனால்தான் எழுத மாட்டார்.

தை முதல் முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கிவிட்ட உரிமையாளர், மட்டம் தயாரானாலும் ஆகாவிட்டாலும் அன்றைக்கு மண்டபத்துக்கு ஓட்டிப் போவார். மாசிக்குத் தள்ளிப்போடுகிறவருக்கு இன்னும் ஒரு மாதம் கிடைக்கிறது. அந்த மாதத்துக் கொள்ளு, புல், லாடச் செலவு அவர் கையைவிட்டுப் போகும். கல்யாண வீட்டாரிடம், குதிரை நிற்கும் இடத்தைச் சுற்றி வெடி வேண்டாம், ஏறுகிறவர் லகானைத் தொட வேண்டாம், பிடித்து நடத்த எங்கள் ஆள் ஒருவர் வருவார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளும் சாரட்காரர்களுக்கு வாடிக்கை சில குறையும். அவர்களுடைய குதிரைகள் அதே கொட்டிலில் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும்.